காசுக்கு ஞாபகம் இல்லை

ஆணென்றால் சதுரம். பெண்ணென்றால் வட்டம்.
இறந்தவர்மேல் ஒரு சாய்கோடு.
ஊட்ரம் பார்க் மருத்துவமனை, ஏழாம் மாடி,
சன்னலில்லாத அறை.
ஹுய் லிங் என் வம்சத்தைப்
பென்சிலால் வரைகிறாள்.

அப்பா?
ரத்தக்கொதிப்பு. ஐம்பத்தொன்று.
துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர்.
அத்தை?
தலைவலி என்றார்கள்.
குளுவாங்கில், கொடியில் போட்ட துணியைப் பிடித்தபடியே
விழுந்தாள். நாற்பத்து மூன்று.
தாத்தா?
கால் வீங்கிப் போய்ச் சேர்ந்தார்.
செய்வினை என்று சொல்லி
என் சித்தப்பா இன்றுவரை
ஒரு குடும்பத்தோடு பேசுவதில்லை.

ஒவ்வொன்றாய்க் கரும்பூசுகிறாள்.
கொதிப்பு, தலைவலி, செய்வினை
மூன்றும் ஒன்றுதானாம்:
சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள்.
என் ஸ்கேனில் அவை குலைகுலையாய்,
தேக்கா சந்தையில்
கிலோ ஆறு வெள்ளிக்குப் போகும் திராட்சை.

பாதிக்குப் பாதி, என்கிறாள்,
பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும்.

மகள் ஒருத்தி இருக்கிறாள். ஏழு வயது.
அவளுக்கு இருந்தால்
அடுத்தது தப்பித்துவிடுமா?
அவள் தப்பித்திருந்தால்
அடுத்ததன் தலையில் விடியுமா?
பஸ் டிப்போவில் ரோஸ்டர் போடுகிறவன் நான்.
இந்த வாரம் இரவு பார்த்தவனுக்கு
அடுத்த வாரம் பகல்.
முறை என்று ஒன்று வேண்டாமா?

இல்லையாம்.
ஒவ்வொரு தடவையும் புதிதாய்ச் சுண்டுவதாம்.
காசுக்கு ஞாபகம் இல்லை.

சட்டைப் பையில் ஒரு வெள்ளி கிடந்தது.
பூவா தலையா என்று நாங்கள் சுண்டிய காலத்தில்
நிஜமாகவே அதில் பூ இருந்தது.
இப்போது
மீன்வாலோடு ஒரு சிங்கம்.

"நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?"
பென்சிலைக் கீழே வைத்தாள்.
தெரிந்ததைச் சொல்வாள். முடிவு எங்களுடையது.
மேசையில் டிஷ்யூ பெட்டி,
பாதி வெளியே நீட்டிய ஒரு தாள்.
எங்களுக்கு முன்னால் வந்தவர்கள்
இழுத்துவிட்டுப் போனது.

கருவை வெளியே உருவாக்கலாம், சோதிக்கலாம்,
நோயில்லாததை எடுத்து வைக்கலாம்.
செலவு இவ்வளவு. தங்காமலும் போகலாம்.
நல்லதுதான். கையேட்டை மடித்து வைத்துக்கொண்டேன்.
ஒன்று மட்டும் உறுத்தியது:
அந்தச் சல்லடை என் அம்மாவிடம் இருந்திருந்தால்
நான் கீழே கொட்டிய பக்கம்.

புஷ்பலீலா அதுவரை வாய் திறக்கவில்லை.
தாளில், கரும்பூசாத ஒரு வட்டத்தில்
விரலை வைத்தாள்.
"இது நான்தானே?
பாதி பாதி என்று இவரையே பேசுகிறீர்கள்.
மற்றப் பாதி நான்.
எங்கள் வீட்டில் குறட்டை உண்டு, முன்கோபம் உண்டு,
கணக்கு யாருக்கும் வராது.
அதையும் எழுதிக்கொள்ளுங்கள்."
ஹுய் லிங் சிரித்தாள். நானும்.
சிரித்து முடித்த பிறகும்
முடிவு எதுவும் வந்திருக்கவில்லை.

மகளுக்கு இப்போது சோதனை வேண்டாமாம்.
வளரட்டும். அவளே கேட்கட்டும்.
கேட்காமலே இருக்கவும்
அவளுக்கு உரிமை உண்டாம்.
ரத்த அழுத்தம் மட்டும் பாருங்கள்.

ஈசூன் வரும்வரை ரயிலில் இருவரும்
விளம்பரங்களைப் படித்தோம்.
சிறுவர் கைப்பட்டை, முப்பத்தெட்டு வெள்ளி.
"கட்டிப்பிடிக்குதுப்பா" என்றாள் நிரஞ்சிதா,
பட்டை காற்றில் உப்பியபோது.
பிறகு தன் முயல்பொம்மைக்குக் கட்டினாள்.
முயலுக்கு ஒன்றும் இல்லையாம்.

ஒரு வட்டம் மட்டும் தாளில் பாக்கி,
உள்ளே கேள்விக்குறியோடு.
ஸ்கூடாயில் இருக்கும் அக்கா கோமளம்.
சொன்னேன்.
"ராத்திரி நேரத்தில் பயமுறுத்தாதே"
என்று போனை வைத்துவிட்டாள்.

விடியற்காலை மூன்றேகாலுக்கு
ஒரு குறுஞ்செய்தி:
எந்த மாடி?