மாதிரி

ஐந்து தீப்பெட்டிகளை மேசைமேல் வைத்தார்,
விளிம்பு தட்டி, ஒன்றோடொன்று இடிக்காமல்.
முப்பத்தோரு வருடம் கூட்டுறவு வங்கியில்
பேரேடு எழுதிய கை. ஒவ்வொன்றிலும் சீட்டு:
‘ஒன்பதாம் தேதி, இரவு 2.10, இடது முழங்கை.’
‘அதே இரவு, 2.40, பிடரி.’
‘பதினொன்று. நேரம் பார்க்கவில்லை.
அழுதுகொண்டிருந்தேன்.’

மஞ்சக்குப்பத்தில், ஜெராக்ஸ் கடைக்கு மாடியில்
எங்கள் பரிசோதனைக் கூடம்.
சர்க்கரை, சிறுநீர், சளி.
தீப்பெட்டிக்கு விலைப்பட்டியலில் கட்டணம் இல்லை.
பெயர் கேட்டேன். பங்கஜவல்லி. அறுபத்திரண்டு.
முதுநகரிலிருந்து பஸ்ஸில்
நின்றுகொண்டே வந்தாராம்.
உட்கார்ந்தால் அடுத்து உட்காருகிறவருக்கு
ஒட்டிக்கொள்ளுமே என்று.

‘பூச்சி ஊர்ற மாதிரி இருக்கான்னு கேட்டாரு டாக்டர்.
மாதிரியெல்லாம் இல்ல தம்பி.
ஊருது.’
படிவத்தில் எழுதினேன்.
மாதிரி: தீப்பெட்டி, ஐந்து.

கண்ணாடித் தகட்டை நான் துடைக்கத் துடைக்க
அவர் சொல்லிக்கொண்டே இருந்தார்.
வேப்பிலை போட்டுக் குளித்தது,
அப்புறம் டெட்டாலில்,
ஒருநாள் யாருக்கும் தெரியாமல் மண்ணெண்ணெயில்.
மெத்தையைக் கொல்லையில் போட்டுக் கொளுத்தியது.
வீட்டுக்காரர் தலையணையோடு மாடிக்குப் போனது.
அதுவும் அதே வாரம்தான்.
தோல் டாக்டர்கள் மூன்று பேர் ஒன்றுமில்லை என்றார்கள்.
மருந்தடிக்க வந்த பையன் மட்டும்தான்
கட்டிலுக்கடியில் டார்ச் அடித்து
‘இருக்கும்மா, நெறைய இருக்கு’ என்றான்.
மூவாயிரத்து ஐநூறு. இரண்டு தடவை.
‘அவனாச்சும் குனிஞ்சு பாத்தான்.’

முதல் பெட்டியில் நீல நூல்.
அவர் நைட்டியும் நீலமாகத்தான் இருக்கும்.
இரண்டாவதில் காய்ந்த பொருக்கு, அவருடையதே.
மூன்றாவதில் மணல்,
தேவனாம்பட்டினத்துக் காற்று கொண்டுவந்தது,
லென்சுக்கடியில் கற்கண்டு.
நான்காவதில் மறுபடி நூல்.
ஐந்து காலி.
‘தப்பிச்சிருக்கும்,’ என்றார்,
கடைசி பஸ்ஸை விட்டவர் போல.

நான் பார்க்கலாமா என்று கேட்டார்.
நாற்காலியை இழுத்துப் போட்டேன்.
உட்காரவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு
குனிந்தார்.
கீழே மெஷின் யாருடைய ஆதாரையோ
பத்துப் பிரதி எடுத்து முடித்தது.
‘இதோ.
இதோ அசையுது தம்பி. கறுப்பா.
காலு… எத்தன காலு.’

பிள்ளை பிறந்த செய்தி சொல்கிற குரல் அது.

எனக்குத் தெரியும்.
பயிற்சிக்கு வருகிற பிள்ளைகள்
முதல் நாள் அதைத்தான் பார்ப்பார்கள்.
படம் வரைந்து கொண்டுவந்தவளும் உண்டு.
சொந்தக் கண்ணின் இமைமயிர்,
வெளிச்சத்தில் விழுந்த அதன் நிழல்.
இமைத்தால் ஊரும்.

சொல்ல வாயெடுத்தேன்.
நிமிர்ந்தபோது அவர் முகம் இருந்த இருப்பில்
வேறொன்று வந்தது வாயில்:
‘தூங்கி எத்தன நாளாச்சும்மா?’

விரல் மடக்கினார்.
ஒரு கை முடிந்தது, மறு கைக்குப் போனார்,
பாதியில் நிறுத்திவிட்டார்.
கணக்கு தப்பியது இதுவே முதல்முறை போல
கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.
‘மழைக்கு முன்ன,’ என்றார்.

அறிக்கையில் எழுத வேண்டியதை எழுதினேன்.
பூச்சியோ முட்டையோ காணப்படவில்லை.
கீழே ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம்.
எங்களைப் போன்றவர்கள் அதை நிரப்புவதில்லை.
இவருக்குத் தூக்கம் இல்லை டாக்டர்,
என்று எழுதி, அடித்து,
மறுபடி அதையே எழுதினேன்.

பெட்டிகளைத் திருப்பிக் கேட்டார்.
எண்ணி வாங்கிக்கொண்டார்,
காலியானதையும் சேர்த்து.

ஸ்பிரிட் ஊற்றி மேசையைத் துடைத்தேன்.
கை கழுவிவிட்டு வந்து
இன்னொரு முறை துடைத்தேன்.
ஏழே காலுக்கு வந்த பஸ்ஸில்
ஜன்னலோரம் காலியாக இருந்தது.
கம்பியைப் பிடித்துக்கொண்டு
நின்றே போனேன் வீடுவரைக்கும்.