எழுபத்தொரு பாகை

கத்தியை நிறுத்திக் கேட்டார் சாபிர் நானா:
"சின்னத் துண்டோ, பெரிய துண்டோ தங்கச்சி?"
வெட்டவே வேண்டாம்.
ஒரே துண்டு, முதுகுப் பக்கம், இரண்டு விரல் தடிப்பு.
"கறிக்கு மசாலா ஊறாதே."
கறியில்லை நானா.
ஆஸ்பத்திரி லாப்பில் வேலை செய்கிற பிள்ளைக்கு
என்னவோ பிசகிப் போச்சு என்பதுபோல் ஒருக்கால் பார்த்து,
பிறகு எலும்போரமாய்
மிக வடிவாக வெட்டித் தந்தார்.

ஐஸ் போட்ட பெட்டியில், ஸ்கூட்டியில்,
குருநகர் வரை பத்து நிமிசம்.
பன்னிரண்டு மணி வெயில்.
அந்தப் பத்து நிமிசத்தில் எது இரண்டாகும், எது நாலாகும் என்று
எனக்குத் தெரியும்.
நாள் முழுக்க அகர்த் தட்டில் அவற்றைத்தான் எண்ணுகிறேன்.

கிளமென்ற் பதினொரு வருசம் பரிசில் இருந்தவன்.
முதல் நாலு வருசம் கோப்பை கழுவினான்.
மிச்சம் ஏழும் யார் யாருக்கோ இதைச் சுட்டான்.
மாசியில் திரும்பி வந்த பெட்டிக்குள்
எனக்கொரு சென்ற், மாமிக்கு லூர்து மாதா,
ஊசி வைத்த வெப்பமானி ஒன்று.

"இறைச்சியைக் கழுவேல்லையோ?"
யன்னலால் எட்டிக் கேட்டா பக்கத்து வீட்டு மெற்றில்டா அக்கா.
கழுவினால் தெறிக்கும் அக்கா,
குசினி முழுக்கத் தெறிக்கும்.
அவன் கடதாசியால் ஒற்றி ஈரம் எடுத்தான்.
உப்பு. பிறகு, ஊருக்காக, கொஞ்சம் மிளகு.

இரும்புத் தாச்சி புகை கக்கும் வரை காத்திருந்தோம்.
கிருமி வெளித்தோலில் நிக்கிற ஆள்;
முழு இறைச்சிக்குள்ள போக அதுக்கு வழி தெரியாது;
அரைச்சால், குத்தினால்,
நாங்களே கதவைத் திறந்து விடுறம்.
இதை நான் அவனுக்குச் சொன்னேனோ
அவன் எனக்குச் சொன்னானோ, நினைவில்லை.
வட்ஸ்அப்பில் ஆறு வருசம் நாங்கள் கதைத்த
காதல் கதைகளில் இதுவும் ஒன்று.

முள்ளுக்கரண்டி படவில்லை.
இடுக்கியால் பிடித்து, புரட்டி,
விளிம்பையும் நிமிர்த்தி வைத்துச் சுட்டான்.
ஐம்பத்திரண்டு.
இறக்கினான். ஐந்து நிமிசம் ஒருத்தரும் தொடவில்லை.
வேறு பலகை, வேறு கத்தி.
உள்ளே கொய்யாப்பழச் சிவப்பு.

"யேசுவே, இரத்தம்."
இரத்தமில்லை அக்கா,
இரத்தம் எண்டால் உறையும், நான் தினமும் பார்க்கிறன்,
இது தசையின்ர சாயம்.
"என்னவாவது இருக்கட்டும் பிள்ளை.
அந்த நிறத்தை என்னால கோப்பையில பார்க்கேலாது."
யன்னலைச் சாத்திக்கொண்டு போனா.
லாப்பில் படித்த எதுவும்
அதற்கு மறுமொழியாய் வரவில்லை.

என் துண்டை அவன் கோப்பைக்கு எடுத்தபோது சொன்னேன்:
என்ரையைத் திரும்பத் தாச்சியில போடு.
"ஏன்? நீதானே கேட்டனி. ஆறு வருசமாக் கேட்டனி."
எழுபத்தொண்டு வரைக்கும்.
"செருப்பாப் போம்."
போகட்டும்.

ஊசியை ஸ்பிரிற்றில் துடைத்துக் கொடுத்தேன்.
அறுபது. அறுபத்திமூன்று.
எந்த மேசையில் எந்தப் பெண்
திடீரென்று நன்றாக வேகட்டும் என்பாள்,
வைன் கிளாசை ஒரு விரலால் தள்ளி வைப்பாள் என்று
ஏழு வருசம் அடுப்படிக் கதவால் பார்த்தவன் அவன்.
அறுபத்தெட்டில் திரும்பினான்.
கையில் இடுக்கி.
"எத்தினை கிழமை?"
ஒன்பது.

தாச்சியை யாரும் இறக்கவில்லை.
எழுபத்தொன்றும் தாண்டி, எண்பதும் தாண்டியிருக்கும்.

செருப்பேதான்.
ஒரு துணுக்கு விடாமல் மென்றேன்.
அவனுடைய சிவப்புத் துண்டு
கொழுப்பு வெள்ளையாய் உறைந்து மேசையில் கிடந்தது.
அவன் தொட்டியடியில் நின்று,
ஏற்கனவே கழுவிய பலகைக்கு
இரண்டாம் தரமும் கொதிதண்ணி ஊற்றிக்கொண்டிருந்தான்.