பலகை எண் நூற்றுப் பதினான்கு

ஐஸ் மேல் முதலில் கறுப்பு அட்டை,
அதன்மேல் மேப்பிள் பலகைகள், இருநூற்று முப்பத்து நாலு.
ஹாக்கி முடிந்த இரவை
விடிவதற்குள் கூடைப்பந்தாக்குவது எங்கள் வேலை.
வெளியே ஈரி ஏரி பனியை அள்ளி வந்து
லாரி வாசலில் கொட்டிக்கொண்டிருக்கிறது.

பதினோரு ஆட்டம். பதினொன்றும் தோல்வி.
நாளை மதியம் மூன்று மணிக்குக் கெடு.
அதற்குள் மேப்ரியை விற்பதா வேண்டாமா என்று
மேல்மாடியில் விளக்கெரிகிறது.
கீழே, குளிர் பூட்ஸுக்குள் ஏற ஏற
நாங்களும் அவனை விற்பதும்
திரும்ப வாங்குவதுமாக இருக்கிறோம்.

"வித்துடணும்" என்கிறான் ஜிக்மண்ட்.
"முப்பத்திரண்டு வயசு. இடது முட்டியில ரெண்டு தடவை கத்தி.
விலை போறப்போ விக்காதவன்
அப்புறம் பழைய இரும்புக்குத்தான் போடணும்,
எங்கப்பா வேலை செஞ்ச உருக்காலை மாதிரி."

யாரிட்ஸா போல்ட்டை முடுக்குவதை நிறுத்தவில்லை.
"கப்பல்ல ஓட்டைன்னா
பாய்மரத்தையா விப்பே?"

மூன்று டிராஃப்ட் தேர்வுகள் தருகிறார்களாம்,
இரண்டு இளம் ஆட்டக்காரர்களும்.
தேர்வுகளில் ஒன்று ஆறு வருஷம் கழித்து.
கணக்குப் போட்டுப் பார்த்தேன்.
அந்தப் பையனுக்கு இப்போது பதிமூன்று இருக்கும்.
எந்த ஊரிலோ, பல்லுக்குக் கம்பி கட்டி,
போர்வையை உதைத்துத் தள்ளிவிட்டுத் தூங்கிக்கொண்டிருப்பான்.
ஓர் ஊரின் பொறுமைக்கு ஈடாக
அவனை எழுதி வைத்தாகிவிட்டது.
அவனுக்கு நீச்சல்தான் பிடிக்குமோ என்னவோ.

நான் எதுவும் சொல்லவில்லை.
என் கையில் நூற்றுப் பதினான்கு இருந்தது.

அது செத்த பலகை.
அடியில் ரப்பர் இறுகிவிட்டது. பந்து விழுந்தால்
எழ மனசில்லாமல் எழும், அரை முழம்.
நாலு சீசனாகப் புகார் எழுதுகிறேன்.
வெளியூர் அணிக்காரர்கள் அதில் தட்டிவிட்டுத்
தங்கள் கையைப் பார்ப்பார்கள், தப்பு கையினுடையது போல.
மேப்ரி மட்டும் வலது மூலைக்குப் போகையில்
தூங்குகிறவனைத் தாண்டுகிற மாதிரி
ஒரு சின்ன எட்டு, பந்தை இடக்கைக்கு மாற்றி.
யாரும் சொல்லித் தரவில்லை.
டிவியில் அதை ஸ்டைல் என்கிறார்கள்.
பிள்ளைகள் பூங்காவில், நல்ல சிமெண்டுத் தரையில்,
இல்லாத பலகையைத் தாண்டிப் பழகுகிறார்கள்.

விற்கலாம். ஜிக்மண்ட் சொல்வதில் தப்பில்லை.
யாரிட்ஸா சொல்வதிலும்.
என் கவலை சின்னது.
வாங்கப்போகிற அணி மார்ச்சில் இங்கே ஆட வருகிறது.
வேறு நிறச் சட்டையில் அவன் வருவான்.
எங்கள் புதுப் பையன்கள் நூற்றுப் பதினான்கில்
பந்தைத் தேடிக் குனிந்திருக்க,
தாண்டிப் போவான்.

நூற்றுப் பதினான்கையும் நூற்று முப்பதையும் மாற்றிப் போட்டால்
ஒருவருக்கும் தெரியாது. இரண்டிலும் கோடில்லை, வர்ணமில்லை.
பத்து நிமிட வேலை.
தாண்டத் தேவையில்லாத இடத்தில் அவன் தாண்டுவான்.
பிறகு, நாலடி தள்ளி,
ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக
தன் கையைப் பார்ப்பான்.

"ஹார்லன், நின்னுக்கிட்டே தூங்கிட்டியா?"
பலகையை இறக்கினேன், எப்போதும் போடுகிற இடத்தில்.
ஓரத்தைக் குதிகாலால் ஒரு தட்டுத் தட்டினேன்.

மார்ச்சுக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது.