காற்று நாற்பத்தொன்று

முப்பத்தெட்டைத் தாண்டினால்
கிரேனைத் தொடக்கூடாது.
ருவைஸில் மாலையிலிருந்து நாற்பத்தொன்று.
எழுபது மீட்டர் உயரக் கூண்டு,
மடியில் காந்தப் பலகை.
வெள்ளை ஆடி, இரண்டாவதில் மேட்.

தொலைந்த கறுப்புச் சிப்பாய்க்குப் பதில்
ஒரு எட்டு எம்.எம். நட்டு.

ராணியால் செக்: ராஜா நழுவுகிறான்.
குதிரையால் செக்: நட்டு வெட்டுகிறது.
யானையைக் கொடுத்துப் பார்த்தேன்.
கொடுத்ததோடு சரி.

வாக்கியில் குல்சமான்:
உஸ்தாத், இறங்கிடுச்சா?
இல்லை, அதே நாற்பத்தொன்று.
கீழே வெறும் கொக்கி ஆடுகிறது.

மூன்று மணி நேரம்
செக் செக் என்றே திரிந்தவன்
எதற்கென்று தெரியாமல்
வெள்ளை ராஜாவை
ஒரு கட்டம் ஒதுக்கி வைத்தேன்.

யாரையும் மிரட்டவில்லை.
ஆனால் கறுப்பு இப்போது ஆடியாக வேண்டும்;
எதைத் தொட்டாலும் ஒரு கதவு திறக்கிறது.
மந்திரி விலகினால் ராணி.
நட்டு ஒரு கட்டம் வந்தால் குதிரை.

ராஜாதான் குல்சமான், ராஜா!
எந்த ராஜா? காற்றைச் சொல்லு.

முப்பத்தாறு.

பலகை இருக்கைக்கடியில்.
குழாய்க்கட்டு தரைவிட்டு எழும்புகிறது,
மெதுவாக, மெதுவாக என்கிறான் அவன்.
நட்டு இரண்டு கட்டம் பாய்ந்தால்?

யானை.
ஆமாம், யானை.