தொண்ணூற்றொன்பது

மலாயில் ஜெனாயா என்று இருந்தது.
தமிழில் நான் குற்றம் என்று கேட்டேன்.
சுங்கை மெர்பாவ், ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்,
தோட்டம் துண்டாடப்பட்ட பின் கட்டிய மலிவு வீடுகள்.
முதல் கதவைத் திறந்த கோகிலவாணி
யோசிக்கவே இல்லை:
"பெரிய குத்தம் நடந்துபோச்சு தங்கச்சி.
ரெண்டு வருசமா முனீஸ்வரனுக்குக் கடா வெட்டல.
ரோட்டுக்காகக் கோயில நகத்துனாங்க,
அதோட விட்டுட்டோம்."
படிவத்தில் சாமிக்குக் கட்டம் இல்லை.
'மற்றவை' என்று எழுதினேன்,
வெளியே வந்து அடித்தேன்.

ஆறாம் கேள்வி:
கடந்த பன்னிரண்டு மாதங்களில்
ஐம்பது வெள்ளிக்கு உட்பட்ட, உங்களுக்குச் சொந்தமில்லாத
பொருள் எதையும் எடுத்ததுண்டா?
சன்னாசி தன் நகங்களைப் பார்த்துக்கொண்டார்.
"எடுத்தா திருட்டு. சரி. பொறுக்கினா?"
செம்பனைக் குலையிலிருந்து தானாக உதிர்ந்த பழம்.
மழையில் அழுகும், எலி தின்னும்.
இவர் குனிந்தால் மட்டும் கார்டு விசில் ஊதுவான்.
"எலிக்கு என்னா நம்பர் போடுவீங்க?"
நான் சிரிக்கவில்லை.
கேட்பவர் முகம் அசைந்தால்
அளவுகோலும் அசையும் என்பது பயிற்சி.
சொத்து சார்ந்தது. தீவிரம் ஒன்று.

போலீஸ் பாலாய் சுவரில் ஒரு வரைபடம்,
கோடு படி இறங்குகிறது.
புகார் எழுதும் மேசையைப்
பக்கத்து ஊருக்கு மாற்றியிருந்தார்கள்,
நாளைக்கு இரண்டே பஸ்.
மேசை போனதும் குற்றமும் கிளம்பிவிட்டது.
ஹரேந்திரனின் மோட்டார் காணாமல் போனது
அவனுக்கும் எடுத்தவனுக்கும் மட்டுமே தெரியும்.
ரோட் டேக்ஸ் கட்டாதவன்
எந்த முகத்தோடு போய் நிற்பான்?
இப்படிச் சொல்லாமல் கிடப்பதற்கு
எங்கள் பாடத்தில் இருண்ட எண் என்று பெயர்.
கரண்ட் போன இரவில்
வீடு வீடாகக் கேட்கும் இருமல் மாதிரி:
எத்தனை பேர் என்று தெரியாது.
இருக்கிறார்கள்.

"வீட்டில் யாராவது உங்களைத் தாக்கியதுண்டா?"
"தாக்கலீங்க," என்றார் திலகேஸ்வரி. "அடிச்சாரு."
சந்தேகம் வந்தால் கேள்வியை
ஒரு சொல்லும் மாற்றாமல் திரும்ப வாசிக்க வேண்டும்.
வாசித்தேன்.
உள்ளே யாரோ செருப்பை மாட்டும் சத்தம்.
"இல்ல."
பூஜ்யத்தை வட்டமாகவே போட்டேன்,
கை நன்றாகப் பழகியிருந்தது.

அவர் பக்கத்து வீட்டுக்காரர் விடவில்லை.
"ஒம்பது வருசம் சம்பளத்துல ஈ.பி.எஃப். புடிச்சான் கொந்திரெக்டர்.
ஒரு காசு கட்டல.
அது எந்தக் கேள்வியில வரும்?"
புரட்டிப் பார்த்தேன். இருபத்தெட்டுக் கேள்விகள்.
கை, கத்தி, பூட்டு, ஜன்னல்.
பேனா எங்கேயும் இல்லை.
"சம்பளப் புக்க எழுதினவரு ஒனக்குத் தெரியுமே,"
என்றவர், எதையோ நினைத்துக்கொண்டு
மைலோ கலக்க உள்ளே போனார்.

நாற்பதாவது வீடு எங்கள் வீடு.
உறவினரைப் பேட்டி காணக் கூடாது, விதி.
ஆனால் மாதிரிக்கு ஓர் ஆள் குறைந்தது.
அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.
"என்னாதான் கேக்குற ஊரெல்லாம்?"
ஆறாம் கேள்வியை வாசித்தேன்,
ஐம்பது வெள்ளியை மட்டும் விட்டுவிட்டு.
சோற்றில் மோர் ஊற்றினார்.
எழுந்து காற்றாடியை மூன்றில் வைத்தார்.
படிவங்கள் பறந்தன,
இருவரும் குனிந்து பொறுக்கினோம்.

பதில் இல்லை என்றால் தொண்ணூற்றொன்பது என்று எழுத வேண்டும்.
பிறகு கணினிக்குச் சொல்ல வேண்டும்,
இது எண் அல்ல, வெறும் இடைவெளி என்று.
சொல்லாவிட்டால்
தொண்ணூற்றொன்பது தடவை என்றே எடுத்துக்கொண்டு
ஊரின் சராசரியையே தூக்கிவிடும்.

வெள்ளிக்கிழமை அறிக்கை போக வேண்டும்.
கணினிக்கு நான் இன்னும் சொல்லவில்லை.