நான்கு தலைமுறை

வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கட்ட வேண்டும்.
இல்லையென்றால் காதோரம் கறுப்புள்ள குட்டி
வேறு வீட்டுக்குப் போய்விடும்.
வோருவிலிருந்து பேசிய பெண் மிரட்டவில்லை,
விவரமாகத்தான் சொன்னாள்.

ஞாயிறன்று அவள் வீட்டில் இரண்டு மணிநேரம் இருந்தோம்.
நாங்கள் கேட்டதைவிட அவள் கேட்டதே அதிகம்:
பகலில் யார் இருப்பீர்கள்,
வேலி எவ்வளவு உயரம்,
கோபம் வந்தால் குழந்தை கதவை அறைவாளா.
அறைவேன் என்றாள் லோரே.
அடுப்புப் பக்கம் தாய் நாய்,
எட்டு வாய்களுக்குத் தன்னைக் கொடுத்துவிட்டு
எங்கோ பார்த்துக்கொண்டிருந்தது.
குறை சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று துழாவினேன்.
துடைத்த தரை. இடுப்பெலும்பு எக்ஸ்ரே, தேதியோடு.
ஒன்றும் கிடைக்கவில்லை.
அது எனக்குப் பிடிக்கவில்லை.

காப்பகத்துக்கு அதற்கு முந்தின வாரமே போயிருந்தோம்.
டார்ட்டுவின் விளிம்பில், இரயில் பாதை தாண்டி,
உருகி உருகி மறுபடி உறைந்த பனியில்
கம்பிக் கதவுகள், கதவுக்கு ஓர் அட்டை.
வயது: ஏழு இருக்கலாம்.
கிடைத்த இடம்: பெட்ரோல் பங்க்.
குழந்தைகளோடு: தெரியாது.
பூனைகளோடு: தெரியும், வேண்டாம்.
பதினொன்றாம் கதவில் இருந்தது குரைக்கவில்லை.
எழுந்து வந்து
பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் தூணில் சாய்வதுபோல்
விலாவைக் கம்பியில் சாய்த்து நின்றது.
என் கையுறையில் அதன் மூன்று முடி.
இன்னும் தட்டிவிடவில்லை.

தார்வோ என் பக்கம்தான் என்று நினைத்திருந்தேன்.
பதினாறு வயதுவரை குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்தவன்.
அந்த வாதத்தை
வோருவிலிருந்து எழுபது கிலோமீட்டர் வாயிலேயே வைத்திருந்து
வீட்டு வாசலில் துப்பினேன்:
உனக்குமா புரியவில்லை?

பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே சொன்னான்:
புரிவதால்தான்.
மாதம் ஒரு ஞாயிறு ஆட்கள் பார்க்க வருவார்கள்.
தலையை ஈரம் தொட்டு வாரி நிற்கவைப்பார்கள்.
அன்றைக்கு அந்த நடைபாதையில்
பார்க்க வந்தவனாக நடந்தேன், மாரிகா.
பதினொன்றைக் கூட்டிக்கொண்டு
பன்னிரண்டைத் தாண்டி எப்படி வெளியே வருவது?

பிறகு, கயிறு இன்னொரு முடிச்சில் சிக்கியபோது:
என் பக்கத்தில் ஒருத்தருக்காவது
அப்பா பெயர் தெரிந்திருக்கட்டும்.

நான் கோட்டை மாட்டினேன்.
மாட்டின கோட்டையே இன்னொரு முறை சரிசெய்தேன்.

இரவு அவன் வம்சப் பட்டியலை வாசித்துக்கொண்டிருந்தான்,
மெதுவாக, யாருக்கோ கேட்கட்டும் என்பதுபோல.
தாய் ஹெல்மே. அவள் தாய் ராபா.
ராபாவைப் பெற்ற கிழவன் ஊகு,
ஒரு குளிர்காலம் முழுக்க முயல் வாசனையைத் தொலைக்காதவன்.
நான்கு தலைமுறை, முப்பது பெயர்.
சேரிடம் அறிந்து சேர் என்பார்கள்.
வந்த இடம் அறியாதவனை
நான் சேர்ந்து பதினான்கு வருஷம்.
ஒருநாளும் கேட்டதில்லை,
அறியாமலிருப்பது எவ்வளவு கனம் என்று.

ஆனாலும் கையுறையில் மூன்று முடி.
நியாயம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டதென்று
சொல்லிவிடத்தான் ஆசை.
கூடத்து நாற்காலியில் கையுறை.
மேசையில் பட்டியல்.
இடையில் நாங்கள் பல் துலக்கினோம்.

வியாழன் காலை.
பள்ளிக்குக் குடும்ப மரம் வரைய வேண்டுமாம் லோரே.
வெள்ளைத்தாள் தேடியிருக்கிறாள், கிடைக்கவில்லை.
முப்பது நாய்களையும் குப்புறத் திருப்பி
அவற்றின் முதுகில் எங்களை எழுதியிருக்கிறாள்.
என் கிளையில் இடம் போதவில்லை;
அத்தைகள் ஓரத்தில் தொங்குகிறார்கள்.
தார்வோவின் கிளையில் இரண்டு கட்டங்கள்,
தாத்தாவுக்கு ஒன்று, பாட்டிக்கு ஒன்று.
காலியாக விடலாம் என்று டீச்சர் சொல்லியிருந்தார்.
அவள் விடவில்லை.
ஒன்றில் சாய்ந்து நிற்கும் ஒரு நாய்.
கீழே: பதினொன்று.
மற்றதில், வால் மட்டும் பெரிதாக, இன்னொன்று.
கீழே: பன்னிரண்டு.

தார்வோ தாளை எடுத்தான்.
ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தபோது
மறுபக்கத்துப் பெயர்கள்
அந்தக் கட்டங்களுக்குள் மங்கலாகத் தெரிந்தன.
காபி ஆறிப்போனது.

பன்னிரண்டுக்கு வால் இப்படித்தான் இருந்ததா, என்றான்.

தெரியாது, என்றேன்.
நான் பதினொன்றோடு நின்றுவிட்டேன்.