பச்சை என்று சொன்னேன்

பாசோ ஓண்டோவில் அதிகாலை மூன்று மணிக்கு
விழித்திருப்பது நானும் என் ரொட்டி அடுப்பும்தான்.
அதனால் எல்லோரும் என்னிடம் வந்தார்கள்,
நெலிடா எச்செவெர்ரி இறந்து கிடந்த அந்த வாரம்,
ரொட்டி வாங்க வந்தவர்கள் போல முகத்தை வைத்துக்கொண்டு.

அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது.
கம்பளிக் கூட்டுறவில் தராசு அவள் பொறுப்பு.
உரோமத்தில் ஒட்டிய முள்ளைக்கூடக் கழித்துத்தான் எடை எழுதுவாள்.
பின்தலையில் ஒரே அடி.
பூட்டு உடையவில்லை. பணம் அலமாரியில் அப்படியே.
மேசைமேல் இரண்டு கோப்பைகள்.

இரண்டு கோப்பைகள் போதும் ஓர் ஊருக்கு.

இறைச்சிக்கடை தெல்மோ சொன்னான்: கடன்.
அவனுக்கு மூன்று வங்கிகளில் கடன்.
மருந்துக்கடை ஃபெலிசியா குரலைத் தாழ்த்தினாள்: காதல்.
அந்த வயதிலா என்றதற்கு
அந்த வயதில்தான் என்றாள்.
பின்னால் அவள் கணவன் மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தான்.
பாகப்பிரிவினை முடியாத அகோஸ்தா சகோதரர்கள்
நிலம் என்றார்கள், ஒரே குரலில்.
இருபது வருடத்தில் அவர்கள் ஒத்துப்போனது அது ஒன்றில்தான்.
ஆளாளுக்கு நோக்கத்தைத் தம் சட்டைப்பையிலிருந்தே எடுத்தோம்.
பாதிரியார் மட்டும் எதுவும் சொல்லவில்லை.
அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தோம்.

மாதே குடுவை கைமாறும். உறிஞ்சுகுழல் ஒன்று, வாய்கள் பல.
வெந்நீர் ஊற்ற ஊற்றச் சாறு மெலிந்தது.
யாரும் கீழே வைக்கவில்லை.

நான் என்ன பார்த்தேன்?
ரயில்வே கேட்டருகே, அந்த மஞ்சள் விளக்கின் கீழ்,
முன்விளக்கு அணைத்த ஒரு வண்டி.
கருமையாக இருந்தது என்றுதான் ஆய்வாளர் ஒலிவேராவிடம் சொன்னேன்.
பச்சையாக இருக்குமோ என்றார்.
இருக்கலாம் என்றேன்.
செவ்வாய்க்கிழமை இருக்கலாம்.
வியாழக்கிழமை பச்சை மாதிரி.
ஞாயிறு பூசை முடிந்து படியிறங்குகையில்
இடது கதவு நசுங்கியிருந்ததும் எனக்கு ஞாபகம் வந்துவிட்டது.

இடது கதவு நசுங்கிய பச்சை வண்டி ஊரில் ஒன்றுதான்.
வால்டேமார் பிரிசோலா.
எடை குறைத்து எழுதினாள் என்று
போன நவம்பரில் அவளோடு சண்டை போட்டவன்.
காலணித் தடம் அவனுக்குச் சிறியது;
ஈரமண் காய்ந்தால் சுருங்கும் என்றார்கள்.
உடையில் இரத்தம் இல்லை; துவைத்திருப்பான் என்றார்கள்.
அழுதான்; பார், அழுகிறான் என்றார்கள்.
நாற்பது நாள் வைத்திருந்துவிட்டு அனுப்பினார்கள்.
அதற்குப் பிறகு என் கடையில் அவனுக்கு
ரொட்டி எப்போதும் தீர்ந்துபோயிருந்தது.
கம்பளி கத்தரிக்கும் காலம் தொடங்குமுன்
ஆடுகளை விற்றான், வண்டியை விற்றான்,
பேருந்தின் கடைசி இருக்கையில் ஏறிப் போனான்.

வீட்டைக் காலி செய்ய சால்டோவிலிருந்து தங்கை இர்மா வந்தாள்.
சில்லறைக்காகக் காத்திருந்தபோது சொன்னாள்:
அக்கா எப்போதும் இரண்டு கோப்பை எடுப்பாள்.
ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்றி மாற்றிப்
பாலை ஆற்றிக் குடிப்பாள், சின்ன வயதிலிருந்தே.
ஆய்வாளரிடம் சொன்னாயா?
சொன்னேன். எழுதிக்கொள்ளவில்லை.
கடையில் நான்கு பேர் நின்றிருந்தார்கள்.
கதை சப்பென்று போய்விடுமே என்று
ஒருவரும் காதில் வாங்கவில்லை.
நான் சில்லறையை இரண்டு முறை எண்ணினேன்.

பதினோரு வருடம்.
ஊர் வாயை மூட உலைமூடி ஏது
என்று என்னைத் தேற்றிக்கொண்டிருக்கிறேன்.
அந்த வாயில் ஒரு பல் நான்.

போன ஜூனில், உறைபனியில்,
என் சிவப்பு வண்டியை அந்த விளக்கின் கீழ் நிறுத்திவிட்டு
அடுப்புப் பக்கம் வந்து திரும்பிப் பார்த்தேன்.
கருமை.
மறுநாள் தெல்மோவின் நீல வண்டி நின்றது.
அதுவும் கருமை.

வால்டேமார் எங்கே இருக்கிறான் என்று
யாரிடமாவது கேட்க வேண்டும்.
கேட்டால், ஏன் கேட்கிறாய் என்பார்கள்.
நான் வாயைத் திறப்பதற்குள்
அவர்களே ஒரு காரணம் வைத்திருப்பார்கள்.